தப்பான பில்லைக் கிழிக்காதீர்கள்

சிதம்பரம், கடலூர் வட்டாரக் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிப்பவர்களுக்கும், அவர்களுக்கு லேப் நடத்துபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே, மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

போன மாதம் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பி.முட்லூர் தாண்டியதும் பின் சீட்டில் உங்களில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. மறுநாள் பிராக்டிகல் போல. "அவுட்புட் வரலைன்னா என்னடா பண்ணுவ?" என்றது ஒரு குரல். "பழைய ரெக்கார்ட்ல இருக்கிற அவுட்புட்டை எழுதி வச்சிடுவேன். எக்ஸ்டர்னல் என்ன ஓட்டியா பாக்கப்போறாரு?" என்றது இன்னொரு குரல். ஆலப்பாக்கம் வரைக்கும் சிரிப்பு ஓயவில்லை. நானும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் உறைத்தது. அந்தத் தம்பி செய்யப்போகிற காரியத்தை நானும் ஒருகாலத்தில் வேறு விதமாகச் செய்தவன். அதனால் என்ன ஆயிற்று என்பதை அவனுக்குச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேனே என்ற குறைதான் இந்த மடலை எழுதவைக்கிறது.

உங்கள் ரெக்கார்ட் நோட்டை எடுத்து ஒருமுறை புரட்டுங்கள். நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு. ஒவ்வொரு பயிற்சியின் அடியிலும் நிரல் வெற்றிகரமாக இயங்கியது, வெளியீடு சரிபார்க்கப்பட்டது என்று அதே ஒற்றை ஆங்கில வாக்கியம். அந்த நோட்டை மட்டும் படித்தால் இந்தப் பையன் வாழ்நாளில் ஒரு அரைப்புள்ளியைக்கூட விட்டதில்லை என்றுதான் தோன்றும். உண்மை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லேபில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டரை மணி நேரம் பிழையோடுதான் மல்லுக்கட்டுகிறீர்கள். அந்த இரண்டரை மணி நேரத்துக்கு நோட்டில் ஒரு வரிகூட இடமில்லை. பிழை போனதும் அது இருந்த சுவடே தெரியாமல் துடைத்துவிடுகிறீர்கள். துடைக்கச் சொல்லித்தான் மூத்தவர்களான நாங்களும் உங்களைப் பழக்கியிருக்கிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். 1997. படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விசைப்படகுகளின் மீனை ஏலம் விட்டுக் கொடுக்கும் ஒரு கடையில், படகுக்காரர்களுக்குப் பில் போட ஃபாக்ஸ்புரோவில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். எடையை விலையால் பெருக்க வேண்டும். கூடையோடு நிறுத்திருந்தால் கூடை எடையைக் கழிக்க வேண்டும். கமிஷன் பிடிக்க வேண்டும். டீசலுக்கும் ஐஸுக்கும் முந்தைய நாள் வாங்கிய பாக்கி இருந்தால் அதையும் கழித்து, மீதியைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் நிரல். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் கரகரவென்று பில்லைத் துப்பும்போது கடையே நின்று வேடிக்கை பார்க்கும்.

முதல் நாள் சாயங்காலமே கல்லாவில் பணம் குறைந்தது. கணக்குப்பிள்ளை ஒவ்வொரு பில்லாகக் கையால் போட்டுப் பார்த்தார். சில பில்கள் தப்பு, படகுக்காரர்களுக்குக் கூடுதலாகப் போயிருந்தது. கூடுதலாக வாங்கினவர் யாரும் வந்து சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. தப்பான பில்களைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையால் சரியான பில் எழுதிக் கட்டில் சேர்த்துவிட்டேன். இப்படி மூன்று நாள். இரவெல்லாம் நிரலை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்தேன். எந்த வரியைப் பார்த்தாலும் சரியாகத்தான் இருந்தது. பைசாவை ரூபாயாக முழுமையாக்கும் இடத்தில்தான் கோளாறு என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, அதை நாலு விதமாக மாற்றி எழுதினேன். ஒன்றும் தீரவில்லை.

நான்காம் நாள் கிழிக்கப் போன கையைக் கணக்குப்பிள்ளை பிடித்துக்கொண்டார். "கிழிக்காதப்பா. தப்பும் கணக்குல வரணும்" என்றார். கடைகளில் பில்லைக் குத்தி வைக்கிற கம்பி உங்களுக்குத் தெரியும். அவர் மேசையில் ஒரு கம்பிதான் இருந்தது, அன்றைக்கு இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். அன்று மொத்தம் 12 பில். சரியான 8 பில் ஒரு கம்பியில், தப்பான 4 பில் மறு கம்பியில். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நிரலைப் பற்றி எதுவுமே தெரியாத அந்த மனிதர் ஐந்து நிமிடம் பார்த்தார். "இந்த நாலுலயும் பழைய பாக்கி இருக்கு. அந்த எட்டுல ஒண்ணுலதான் இருக்கு. நீ அங்க போய்ப் பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். பாக்கியைக் கழிக்க வேண்டிய வரியில் கூட்டல் குறி போட்டிருந்தேன். கடன்பட்டவனுக்குக் கடை கூடுதல் காசு கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் சரியாக வந்த அந்த ஒற்றைப் பில்? அந்தப் படகின் பழைய பாக்கிக் கணக்கு பூஜ்யமாக இருந்தது. பூஜ்யத்தைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன.

பிழை பிடிபட்டது, ஆனால் அந்த மூன்று நாள் பணம் திரும்பவில்லை. எந்தப் படகுக்கு எவ்வளவு கூடுதலாகப் போயிற்று என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே கிழித்துப் போட்டிருந்தேன். எனக்குப் பேசிய கூலியில் அந்தத் தொகை கழிந்தது. அது நியாயம்தான்.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கணக்குப்பிள்ளை இரண்டு கம்பிகளை வைத்துச் செய்த வேலைக்கு இன்று ஒரு துறையே இருக்கிறது. நிரலில் பிழை எங்கே இருக்கிறது என்பதைப் புள்ளியியலால் தேடுவது. 2002-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஜேம்ஸ் ஜோன்ஸ், மேரி ஜீன் ஹேரல்ட், ஜான் ஸ்டாஸ்கோ மூவரும் ஒரு கருவியை வெளியிட்டார்கள். பெயர் டரன்டுலா. விடை தப்பாக வந்த ஓட்டங்களில், அதாவது தோற்ற ஓட்டங்களில், அதிகம் மிதிபட்ட வரிக்குச் சிவப்பு, விடை சரியாக வந்த, அதாவது வென்ற ஓட்டங்களில் அதிகம் மிதிபட்ட வரிக்குப் பச்சை, இரண்டும் கலந்ததற்கு மஞ்சள் என்று நிரலுக்கே வண்ணம் பூசிக் காட்டியது அது.

அதன் கணக்கு நம் பில்லைவிடச் சுலபம். தோற்ற ஓட்டங்களில் எத்தனை பங்கு இந்த வரியைத் தொட்டது என்று பாருங்கள். வென்ற ஓட்டங்களில் எத்தனை பங்கு தொட்டது என்றும் பாருங்கள். முதல் பங்கை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது அந்த வரியின் சந்தேக மதிப்பெண். என் 12 பில்லிலேயே போட்டுப் பார்ப்போம். எடையை விலையால் பெருக்கும் வரி எல்லா பில்லிலும் ஓடியது. பங்கு 1-க்கு 1, மதிப்பெண் 0.5. கூடை எடையைக் கழிக்கும் வரி தப்பான நாலில் 3, சரியான எட்டில் 6. இரண்டுமே முக்கால் பங்கு, ஆகவே இதற்கும் 0.5. பாக்கி வரி தப்பான நாலிலும், சரியான எட்டில் ஒன்றிலும் ஓடியது. 1-ஐ 1.125-ஆல் வகுத்தால் 0.89. குற்றவாளி மேலே வந்துவிட்டான்.

தப்பான பில்களை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது என்பதைக் கவனியுங்கள். பெருக்கல் வரியும் அந்த நாலிலும் இருக்கிறதே! சரியான எட்டும் பக்கத்தில் இருந்ததால்தான் பெருக்கல் வரி தப்பித்தது, பாக்கி வரி மாட்டியது. இரண்டு கம்பியும் வேண்டும். நீங்களோ ரெக்கார்டில் ஒரு கம்பியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டரன்டுலாவின் கணக்கில் ஒரு ஓட்டையும் உண்டு. அன்றைக்குத் தப்பான நாலில் ஒரு படகுக்காரர் மட்டும் நகல் பில் கேட்டிருந்தார். வேறு யாரும் கேட்கவில்லை. ஆகவே நகல் அச்சிடும் வரி தோற்ற ஓட்டத்தில் ஒருமுறை, வென்ற ஓட்டத்தில் ஒருமுறைகூட இல்லை. டரன்டுலாக் கணக்குப்படி கால் பங்கைக் கால் பங்கால் வகுத்து முழுசாக 1 மதிப்பெண்! ஒன்றும் அறியாத நகல் வரி முதல் குற்றவாளி, உண்மையான ஆள் இரண்டாவது. ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் போனவனைப் பிடித்து முதல் ஆளாக நிறுத்துகிற கணக்கு இது.

இந்த ஓட்டையை அடைத்த சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கடலூர்க்காரர்களான நீங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அது மீனிலிருந்து வந்தது. 1957-ல் அகிரா ஓச்சியாய் என்ற ஜப்பானிய மீனியல் அறிஞர், ஜப்பானையும் அதன் சுற்றுக் கடல்களையும் சேர்ந்த நாக்கு மீன் வகைகளை ஆராய்ந்தார். நம் துறைமுகத்தில் தட்டையாகத் தரையோடு ஒட்டிக் கிடக்குமே, அதே குடும்பம். இரண்டு கடற்பகுதிகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டிலும் பொதுவாக உள்ள இனங்களின் எண்ணிக்கையை எடுத்தார். முதல் பகுதியின் இன எண்ணிக்கையையும் இரண்டாம் பகுதியின் இன எண்ணிக்கையையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டு, அதனால் வகுத்தார்.

அந்தச் சூத்திரம் பிறகு மூலக்கூறு உயிரியலுக்குப் போனது. அங்கே இருந்ததைப் பார்த்து நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ரூய் அப்ரேயுவும் அவருடைய சகாக்களும் 2006 வாக்கில் நிரல்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கடலுக்குப் பதில் தோற்ற ஓட்டங்கள், இன்னொரு கடலுக்குப் பதில் இந்த வரியைத் தொட்ட ஓட்டங்கள். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன? நம் பில்லில் பாக்கி வரிக்கு, 4-ஐ நாலு பெருக்கல் ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.89. நகல் வரிக்கு, 1-ஐ நாலு பெருக்கல் ஒன்றின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.5. பெருக்கல் வரிக்கு 0.58, கூடை வரிக்கு 0.5. இப்போது சரியான ஆள் முதலில் நிற்கிறான், நகல் வரி கூடை வரியோடு கடைசி இடத்துக்கு இறங்கிவிட்டது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது. எந்த இடத்தில் எந்த உயிரினம் இருந்தது, எது இல்லை என்று கட்டம் கட்டி எழுதுவது அந்தத் துறையில் அன்றாட வேலை. உங்கள் நிரல் எந்த ஓட்டத்தில் எந்த வரியைத் தொட்டது என்ற அட்டவணையும் அச்சு அசலாக அதேதான். கணினிக்காரர்கள் கடல்காரர்களிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயம், உங்கள் ஊரில் ஒரு டவுன் பஸ் தூரத்தில் இருக்கிறது. ஒரு மதியம் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா?

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். "அண்ணே, பத்து வரிப் புரோகிராமுக்கு இவ்வளவு எதுக்கு? நடுவுல நாலு பிரின்ட் போட்டா தெரிஞ்சிடும்." தெரியும், பத்து வரிக்கு. வேலைக்குப் போனால் உங்கள் முன் வைக்கப்படுவது யாரோ எழுதி, யாரோ திருத்தி, எழுதினவர் வேலையை விட்டே போய்விட்ட லட்சம் வரி. அங்கே பிரின்டை எங்கே போடுவீர்கள்? இன்னொரு குரலும் கேட்கிறது: "இப்பல்லாம் ஏஐ-கிட்ட போட்டா அதுவே சொல்லிடுதே!" சொல்லும். அதுவும் ஒரு சந்தேகத்தைத்தான் சொல்லும். அது காட்டிய வரிதான் உண்மையான குற்றவாளி என்று எதை வைத்துத் தீர்மானிப்பீர்கள்? தோற்ற ஓட்டங்கள் கையில் இருந்தால், திருத்திவிட்டு அவற்றையே மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். கையில் ஒன்றும் இல்லாதவன் அது சொன்னதைக் கேட்டுத் தலையாட்டத்தான் வேண்டும், நான் பைசா வரியை நாலு விதமாக மாற்றி எழுதியது போல.

இந்தக் கணக்கே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எழுத மறந்த வரியை எந்தச் சூத்திரத்தாலும் காட்ட முடியாது, இல்லாத வரி எந்த ஓட்டத்திலும் ஓடாது. ஒரே தொகுதியில் சேர்ந்து ஓடுகிற பத்து வரிகளுக்கும் ஒரே மதிப்பெண்தான் கிடைக்கும், அதற்குள் பிரித்துக் காட்டாது. பூஜ்யப் பாக்கிப் பில்லைப் போலப் பிழை ஓடியும் விடை தற்செயலாகச் சரியாக வந்துவிடும் ஓட்டங்கள் கணக்கைக் குழப்பும். 2011-ல் கிறிஸ் பார்னினும் அலெஸாண்ட்ரோ ஓர்ஸோவும் நிரலாளர்களை உட்காரவைத்தே சோதித்தார்கள். சந்தேகப் பட்டியலை மேலிருந்து கீழாக யாரும் ஒழுங்காகப் படித்துக்கொண்டு போவதில்லை, பிழையான வரியைக் கண்ணெதிரே காட்டினாலும் அதுதான் பிழை என்று உடனே புரிந்துவிடுவதும் இல்லை என்று கண்டார்கள். கணக்குப்பிள்ளை "அங்க போய்ப் பாரு" என்றார், அவ்வளவுதான் அவரால் முடியும். கூட்டல் குறியைக் கண்டுபிடித்தது நான். கணக்கு தெருவைக் காட்டும், கதவைத் தட்ட வேண்டியது நீங்கள்.

இந்தத் துறையின் மற்றொரு குறை உங்களை நேராகத் தொடுகிறது. நீண்ட காலம் இந்த முறைகளைச் சோதித்ததெல்லாம் 1994-ல் சீமென்ஸ் ஆய்வகத்தார் தொகுத்த 7 சிறிய சி நிரல்களில். அவற்றின் பிழையான பதிப்புகள் 132. பிழைகளை ஆய்வாளர்களே கையால் விதைத்தார்கள். தோட்டத்தில் நட்ட பிழைகள் அவை, காட்டில் முளைத்தவை அல்ல. 2017-ல் வந்த ஒரு விரிவான ஒப்பீடு, செயற்கைப் பிழைகளில் வென்ற முறை உண்மைப் பிழைகளிலும் வெல்லும் என்று நம்ப முடியாது என்று காட்டியது. டரன்டுலாவுக்கும் ஓச்சியாய்க்கும் இடையே செயற்கைப் பிழைகளில் தெரிந்த ஏற்றத்தாழ்வுகூட உண்மைப் பிழைகளில் நிலைக்கவில்லை. ஆகவே உலகத்துக்கு இன்று வேண்டியது உண்மைப் பிழை. மனிதர்கள் மெனக்கெட்டு, நம்பி, தெரியாமல் செய்த பிழை. அது எங்கே கொட்டிக் கிடக்கிறது? உங்கள் லேபில். ஒவ்வொரு மதியமும் கொட்டுகிறது, சாயங்காலம் கூட்டிப் பெருக்கிவிடுகிறோம்.

பெருக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. கான்பூர் ஐஐடி-யில் முதலாண்டு சி நிரலாக்கப் பாடத்துக்குப் ப்ரூட்டர் என்ற அமைப்பை வைத்திருந்தார்கள். மாணவர்கள் எழுதியதைத் தப்போடு சேர்த்துச் சேமித்து வைத்தது அது. அந்தச் சேமிப்பை எடுத்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் குப்தா, சோஹம் பால், ஆதித்ய கனடே, ஷிரிஷ் ஷெவடே நால்வரும் 2017-ல் டீப்ஃபிக்ஸ் என்ற ஆய்வை வெளியிட்டார்கள். 93 பயிற்சிகளுக்கு மாணவர்கள் எழுதிய, கம்பைல் ஆகாத 6,971 நிரல்கள். அவற்றில் 1,881-ஐ அந்த முறை முழுதாகத் திருத்தியது, அதாவது 27 சதவீதம். இரண்டு வருஷம் கழித்து, கம்பைல் ஆகியும் விடை தப்பாக வரும் மாணவர் நிரல்களில் பிழை எந்த வரியில் என்று தேடும் முறையையும் அதே குழுவினர் கொண்டுவந்தார்கள். அந்த மாணவர்கள் யாரும் மேதைத்தனமாக ஒன்றும் செய்துவிடவில்லை. அடைப்புக்குறியை விட்டார்கள், மாறியை அறிவிக்க மறந்தார்கள். நீங்களும் தினமும் அதைத்தான் செய்கிறீர்கள். அவர்களுடைய தப்பைக் கிழிக்காமல் வைத்திருக்க அங்கே ஒரு கம்பி இருந்தது.

ஆசிரியர்களே, இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. இதில் மாணவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியீடு சரியாக இருந்தால்தான் கையெழுத்து என்று நீங்கள் நின்றால், பையன் வெளியீட்டை எங்கிருந்தாவது கொண்டுவந்து ஒட்டத்தான் செய்வான். தப்பைக் காட்டினால் மதிப்பெண் குறையும் என்று தெரிந்த பிறகு தப்பைக் காட்ட அவனுக்கு என்ன பைத்தியமா? உங்கள் தலையிலும் பாடத்திட்டம், தேர்வு, மேலிடத்துப் படிவங்கள் என்று எத்தனையோ சுமை இருப்பது தெரியும். புதிதாக ஒரு பாடம் சேர்க்கச் சொல்லவில்லை. இருக்கிற நோட்டில் ஒரு பக்கம் கேட்கிறேன்.

இனி என் வேண்டுகோள். மாணவர்களே, ஒவ்வொரு பயிற்சிக்கும் பத்து உள்ளீடாவது எழுதுங்கள். நிரலை ஓட்டும் முன்பே ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வர வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டிய பிறகு குறித்தால் மனசு வந்த விடையைச் சரி என்று சொல்லிவிடும். பூஜ்யம், எதிர்ம எண், வெற்றுப் பட்டியல் என்று நிரலை இடறிவிடும் உள்ளீடுகளும் அதில் இருக்கட்டும். விடை தப்பாக வந்தால் உடனே திருத்தாதீர்கள். அந்த நிரலைத் தேதி போட்டு வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வையுங்கள், கிட் தெரிந்தால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு திருத்துங்கள்.

எந்த வரி ஓடியது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். லினக்ஸ் லேபில் ஜிசிசி இருந்தால் ஜிகவ் அதோடு வந்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் எத்தனை தடவை ஓடியது என்று எண் போட்டுத் தரும், ஓடவே ஓடாத வரிக்கு ##### என்று போடும். பைத்தானுக்குக் கவரேஜ் என்ற தொகுப்பு இருக்கிறது. ஜிகவ்வில் இரண்டு இடத்தில் வழுக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்து ஓட்டினால் எண்ணிக்கைகள் ஒன்றின் மேல் ஒன்று கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் .ஜிசிடிஏ என்று முடிகிற கோப்பை அழித்துவிடுங்கள். நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நடுவில் விழுந்தால் எண்ணிக்கை எழுதப்படாமலே போய்விடும். உங்கள் தோற்ற ஓட்டமே அதுதான் என்றால் கம்பியில் குத்த ஒன்றும் இருக்காது, அதற்குப் பிரின்டைத்தான் நம்ப வேண்டும்.

பத்து ஓட்டத்துக்கும் கட்டம் கட்டுங்கள். வரிசையில் நிரலின் வரிகள், பத்தியில் ஓட்டங்கள், தொட்டதற்கு ஒரு புள்ளி. இரண்டு சூத்திரத்தையும் ஒரே ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். அதற்கப்புறம் பத்து வரியில் நிரலே எழுதிவிடலாம். பக்கத்துக் கட்டடத்துப் புள்ளியியல் மாணவரைக் கூட்டிவந்து காட்டுங்கள், அவர் உங்களைவிட நல்ல கேள்வி கேட்பார்.

ஆசிரியர்களே, ரெக்கார்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் 'தோற்ற ஓட்டம்' என்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். என்ன உள்ளீடு, என்ன எதிர்பார்த்தான், என்ன வந்தது, எந்த வரிமேல் சந்தேகம், கடைசியில் எது குற்றவாளி, சந்தேகம் பலித்ததா. பத்து மதிப்பெண்ணில் இரண்டை அந்தப் பக்கத்துக்குக் கொடுங்கள். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் அந்த இரண்டும் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். வருஷக் கடைசியில் அந்த நிரல்களையெல்லாம் மாணவர் பெயரையும் பதிவெண்ணையும் நீக்கிவிட்டு ஒரு கணினியில் சேர்த்து வையுங்கள். அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் தேடிப் பழக அதைவிட நல்ல பாடநூல் கிடைக்காது. அஞ்சு வருஷம் சேர்ந்தால், சிதம்பரத்திலோ கடலூரிலோ யாராவது ஒரு ஆய்வு மாணவர் அதன்மேல் உட்கார்ந்து உலகத்துக்கே புதிதாக ஒன்றைச் சொல்லக்கூடும்.

பஸ்ஸில் பேசிய தம்பி, நீ இதைப் படித்தால் உன்னிடம் தனியாக ஒன்று. பிராக்டிகல் முடிந்திருக்கும். பழைய ரெக்கார்டிலிருந்து எழுதினாயா, சொந்தமாக ஓட்டினாயா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு உனக்கு வராமல் போன அந்த அவுட்புட் என்ன என்று மட்டும் ஞாபகம் இருந்தால், இன்று ராத்திரி அதே நிரலை அதே தப்போடு மறுபடி எழுது. பத்து உள்ளீடு கொடு. தப்பாக வந்ததை ஒரு கோப்பில், சரியாக வந்ததை இன்னொரு கோப்பில் போடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா பார்.

இப்படிக்கு,
மூன்று நாள் பில்லைக் கிழித்துப் போட்ட உங்கள் அண்ணன்